படகுத் தலைவி வருவாளா

லிஃப்ட் மெக்கானிக் கதைப் புத்தகம் படிக்கிறார் என்ற சேதி கம்பெனி முழுக்கப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட புத்தகம்! அட்டையில் பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு படகு, படகில் வாளோடு ஒரு சின்னப் பெண், அவள் தலைக்கு மேலே நெருப்பு கக்கும் பறவை. நரை தட்டிய மனிதர் கட்டடத்து உச்சியில் மோட்டார் அறைக்குள் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து, சாப்பாட்டு வேளையில் இதைப் பிரித்து வைத்துக்கொண்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

"என்னண்ணே, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றான் கூட வேலை செய்யும் தாடிக்காரன்.

"வாயை மூடிட்டு பிரேக்கைப் பாரு."

படிக்கும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வீட்டில் கதை என்றால் அது மனைவியும் மகளும் சேர்ந்து நடத்துகிற ராஜாங்கம். ஒருத்தி சத்தம் போட்டுப் படிப்பாள், மற்றவள் காலை நீட்டிக்கொண்டு கேட்பாள். நடுவில் இவர் உள்ளே நுழைந்தால் இரண்டு பேரும் ஒரே குரலில் "உஷ்" என்பார்கள். மூன்று பாகக் கதையின் முதல் பாகத்தை அப்படித்தான் முடித்தார்கள். இரண்டாம் பாகம் அச்சுக்குப் போகும் முன்பே மனைவி கடையில் சொல்லி வைத்திருந்தாள். புத்தகம் வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. மகள் பார்சலை வாங்கி, பிரிக்காமல், ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த மகளும் போகப்போகிறாள். வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பெண் துணை வேண்டும், பள்ளிக்கூடமும் பக்கம் என்று சொல்லி அவளுடைய சித்தி அழைத்துப்போக வருகிறாள். அதெல்லாம் வெறும் சப்பைக்கட்டு என்பது மூன்று பேருக்கும் தெரியும். மகளுக்கு அப்பா முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளெல்லாம், "அம்மாவுக்கு எப்படிப்பா இருக்கு?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் "சரியாயிடும்மா" என்றே சொல்லி வந்தார். டாக்டர்கள் கையை விரித்த பிறகும் அதையேதான் சொன்னார். கடைசி நாள் காலையில்கூட, "வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்" என்று சிரித்த முகமாகச் சொல்லி அவளைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். பிள்ளை மனசு தாங்காது என்று நினைத்துச் செய்த காரியம். அவளுக்கோ அம்மாவிடம் விடைபெறக் கொடுத்து வைக்காமல் போயிற்று. எல்லாம் முடிந்தபின் அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "உங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு சாவி எங்கே, பால் தீர்ந்துபோச்சு, இதைத் தாண்டி அவரிடம் பேச்சே கிடையாது.

மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் துணிச்சல் இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அந்தப் புத்தகத்தைப் படித்தால் அவளோடு பேச ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று தோன்றியது. அசட்டு யோசனைதான். வேறு யோசனை இருந்தால்தானே?

அட்டையில் கொட்டை எழுத்தில் இரண்டு என்று போட்டிருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. அவர் தொழிலில் ஒவ்வொரு லிஃப்டோடும் இரண்டு புத்தகம் வரும். முதலாவது, லிஃப்டைப் புதிதாக மாட்டிக் கொடுக்கிறவர்களுக்கு. இரண்டாவது, காலமெல்லாம் அதைப் பராமரிக்கிறவர்களுக்கு. இவர் பராமரிப்பு ஆள். தன் சர்வீசில் முதல் புத்தகத்தைத் தொட்டவரே இல்லை. அதனால் துளி உறுத்தலும் இல்லாமல் இரண்டாவதைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓர் ஓடக்காரப் பெண், தூங்காத நகரம் ஒன்று, பனிக்காட்டைப் பிடித்து வைத்திருக்கும் அரசன். நிறைய சண்டை. போகப் போக ஒரு ஆள் மட்டும் அவர் மனதைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தப் படகின் தலைவி. கதையில் அவள் எங்குமே வரவில்லை. ஆனால் எல்லோர் வாயிலும் அவள் பேச்சுத்தான். சுக்கான் பக்கத்து இருக்கை அவளுடையது, அதில் யாரும் உட்கார மாட்டார்கள். ரொட்டியைப் பங்கு போட்டால் அவளுக்கும் ஒரு துண்டு எடுத்து வைப்பார்கள். சாயங்காலமானால் அவளுடைய கோட்டைப் பனி படாமல் உள்ளே எடுத்து வைப்பாள் ஓடக்காரப் பெண். ஏதோ அவசர வேலையாக வெளியே போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று இவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவளுக்காகக் காத்திருந்தார். வர வர தாடிக்காரனுக்கும் கதை சொல்ல வேண்டியதாயிற்று.

"அந்தம்மா கடைசியில பெரிய படையோட வருவாங்க பாருங்கண்ணே. நான் எத்தனை படம் பார்த்திருக்கேன்" என்றான் அவன். கேலி எல்லாம் எங்கே போயிற்றோ.

ஒருநாள் சாப்பிடும்போது, எதேச்சையாகக் கேட்பது மாதிரி ஆரம்பித்தார். "அந்தப் படகுத் தலைவி எப்பம்மா திரும்பி வருவாங்க?"

மகளின் கை தட்டிலேயே நின்றது. "எதைப் படிக்கிறீங்க?"

"அதான், ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சே."

"முதல் புத்தகம் படிச்சீங்களா?"

"இல்லையே. அது எதுக்கு?"

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "அவங்க எங்கயும் போகலைப்பா. முதல் புத்தகத்துலயே வெள்ளத்துல விழுந்துட்டாங்க. செத்துட்டாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க." தட்டில் இருந்ததை ஓரமாக ஒதுக்கினாள். "அம்மா மட்டும் நம்பல. உடம்பைக் காட்டலைல்ல, அப்ப சாகல, ரெண்டாவதுல வருவா பாருன்னாங்க. நான் அதைத் திறக்காம வச்சிருந்தேன்."

படகில் தலைவிக்கென்று எடுத்து வைத்த ரொட்டித் துண்டெல்லாம் எதற்கென்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. "நிறுத்திடட்டுமாம்மா?"

"வேணாம். முடிங்க. முடிக்கிற வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் படித்த படிப்பே வேறு. அரசனும் வேண்டாம், பறவையும் வேண்டாம், அந்த ஒருத்தி வந்தால் போதும் என்று பக்கத்துக்குப் பக்கம் தேடினார். அம்மா சொன்னது பலித்துவிட்டது என்று மகளிடம் போய்ச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் ஒருத்தியாவது பிழைத்து வரட்டுமே.

சனிக்கிழமை மதியம் மோட்டார் அறையில் கடைசி அத்தியாயம் முடிந்தது. பனிக்காட்டு ஏரி உருகுகிறது. ஓடக்காரப் பெண் தலைவியைக் கண்டெடுக்கிறாள், உயிரோடு அல்ல. கரையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி, அந்தச் சுக்கான் பக்கத்து இருக்கையில் தானே உட்கார்ந்து படகை எடுக்கிறாள். அதோடு புத்தகம் முடிகிறது.

"வந்தாங்களாண்ணே?" என்றான் தாடிக்காரன்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். தாடிக்காரன் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளின் பெட்டி வாசல் பக்கம் நின்றது. சித்தி கீழே வந்துவிட்டதாகப் போன் செய்திருந்தாள். மகள் ஷூ மாட்ட உட்கார்ந்தவள், ஒரு காலோடு நிறுத்தினாள்.

"முடிச்சுட்டீங்களா?"

"ம்."

"வந்தாங்களா?"

மூன்றாவதில் வருவாங்க போலிருக்கு என்று சொல்ல நாக்கு துருதுருத்தது. சுலபமான பதில். அவள் நிம்மதியாகப் போவாள். மூன்றாவது வர எப்படியும் வருஷமாகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவருக்குக் கைவந்த கலைதான் அது. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் மழுப்பினால் இவள் இனி இந்தப் படி ஏற மாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"வரலம்மா. செத்துட்டாங்க. உடம்பைப் பார்த்து அடக்கம் பண்ணிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

அம்மா போனதிலிருந்து அழாத பெண், ஒரு காலில் ஷூவோடு, முழங்காலில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். அவருக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

கொஞ்சம் அடங்கியதும், தலை தூக்காமலே கேட்டாள். "அம்மாவுக்கு வலிச்சுதா?"

இத்தனை நாள் அவள் கேட்காத கேள்வி. கேட்டிருந்தாலும் யார் உண்மையைச் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

"வலிச்சுதும்மா. ராத்திரியெல்லாம் ரொம்ப. நீ வர்ற நேரம் பார்த்து ஊசி போடச் சொல்லுவா. உங்கிட்ட பேசும்போது வலி முகத்துல தெரியக் கூடாதுன்னு."

"கடைசி நாளு?"

"அன்னிக்கு நீ போனதும் உன்னைக் கேட்டா. கூப்பிடட்டுமான்னு கேட்டேன். கூப்பிடுன்னா. நான்தான் சாயங்காலம் வருவாளேன்னு..." அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூப்பிட்டிருக்கணும். தப்பு என்மேலதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது, கோபமும் இருந்தது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "அப்புறம்? என்ன சொன்னாங்க? எல்லாத்தையும் சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கியபோது கதவு திறந்தது. சித்தி கார் சாவியோடு மூச்சு வாங்க நின்றாள். "எவ்வளவு நேரமா கீழ நிக்கிறது? கிளம்பலாமா? அத்தான், பெட்டி இது ஒண்ணுதானா?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாட்டியிருந்த ஒற்றை ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நீங்க உட்காருங்க சித்தி. நானும் அப்பாவும் இன்னும் பேசி முடிக்கல."