காய்ச்சிக் குடித்த வீடு

குடிநீர் நிலையத்தில் குளோரின் தீர்ந்துபோன செய்தி வெளியே கசியக் கூடாது என்று மேலதிகாரி சொன்னபோது, ஆபரேட்டர் தலையாட்டிவிட்டு வந்தான். புது சிலிண்டர் வரும்வரை தண்ணீர் எப்போதும்போல் போகட்டும், ஊரைக் கிளப்பிவிடாதே என்பது உத்தரவு. மணல் படுகையில் வடிந்து வந்த தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆனால் சோதனைக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டியது, நிறம் மாறாமல் அப்படியே நின்றது. கிருமியைக் கொல்ல அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போனதும், இனிமேல் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று மனைவியிடம் சொன்னான். அவள் துருவித் துருவிக் கேட்டதும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாதே, வேலை போய்விடும் என்றான்.

"உங்க அக்கா வீட்டுக்காவது சொல்லிடலாமே" என்றாள் அவள்.

அக்கா ஓட்டைவாய், அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கி வைப்பதும் ஒன்றுதான் என்று மனைவியின் வாயை அடைத்தான். சிலிண்டர் இதோ வந்துவிடும், அதற்குள் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று தனக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சிலிண்டர் வரவில்லை. அக்கா வீடு இருந்தது கடைசித் தெருவில்; அங்கே குடிநீர்க் குழாய் சாக்கடையை ஒட்டியே போகிறது. அத்தானுக்கு வயிற்றுப்போக்கு என்று ஃபோன் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தாழ்வாரத் தரையெல்லாம் ஆட்கள், அத்தனை பேரும் அந்தத் தெருக்காரர்கள். மரம் இழைத்து உரமேறிய அத்தானின் கைகள் ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தன. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மாற்றி மாற்றி ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானமே அவர் போய்விட்டார்.

அழுது ஓய்ந்த பிறகு அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையேடா?"

"இல்லக்கா. நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"எப்பலேருந்து?" என்றாள் அக்கா.

அவன் எழுந்துகொள்ளப் பார்த்தான். அக்கா தன் கையை விலக்கிக்கொண்டாள். "அவரு உனக்கு என்னடா பண்ணினாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் நேராக நிலையத்துக்குப் போய் மெயின் வால்வை மூடினான். குடத்தோடு வந்து சண்டை பிடித்தவர்களிடம், தண்ணீரில் மருந்து இல்லை, பிடித்து வைத்திருப்பதைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள் என்று தொண்டை கட்டும்வரை சொன்னான். ஒருவர் கன்னத்தில் அறைந்தார். நின்று வாங்கிக்கொண்டான். சிலிண்டர் மறுநாளே வந்திறங்கியது. ஆபரேட்டரின் அலட்சியம் என்று எழுதி அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

அத்தானின் அடக்கத்துக்கு வர வேண்டாம் என்று அக்கா சொல்லியனுப்பினாள். மனைவி மட்டும் போய்வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்தாள்.

"நானாவது சொல்லியிருக்கணும்" என்றாள்.