சவாகி ஒப்புக்கொண்ட கொலை

ஜப்பானில், கோபே துறைமுகத்தில் அந்தப் போலீஸ்காரனைச் சுட்டவன் நான். சரணடைந்தவன் சவாகி. எங்கள் கூட்டத்தில் அதுதான் வழக்கம். முக்கியமான ஆள் கொலை செய்தால், சின்னவன் ஒருவன் போய் நான்தான் என்று நிற்பான். அவன் உள்ளே இருக்கும்வரை அவன் குடும்பத்துக்குத் தலைவர் சோறு போடுவார். ஐந்து வருஷம், மிஞ்சிப்போனால் எட்டு என்று சொல்லித்தான் தலைவர் ஒனுகி அவனை அனுப்பினார். நீதிபதி தூக்கு என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சவாகி என்னோடு ஒரே கிண்ணத்தில் சாகே மது குடித்து, சத்தியம் செய்து தம்பியானவன்; மனைவி சியோவும் ஒரு சின்னக் குழந்தையும் உள்ளவன். எனக்காக அவன் தொங்குவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? நேராகத் துப்பறியும் அதிகாரி கிதாமியிடம் போய் உண்மையைக் கொட்டினேன். அவர் விசிறிக்கொண்டிருந்த கையைக்கூட நிறுத்தவில்லை.

"இந்த மாசத்துல இப்படி வந்த மூணாவது ஆளு நீ, நெசு. உங்க பசங்க ஒப்புக்கறதை எல்லாம் நம்பினா நான் கடைய மூட வேண்டியதுதான். துப்பாக்கியக் கொண்டா, அப்புறம் பேசலாம்."

கடலில் எறிந்துவிட்டதாகச் சவாகி சொல்லியிருந்தான். உண்மையில் அது தலைவர் வீட்டில், புத்தர் மாடத்துக்குப் பின்னால் இருந்தது. மத்தியானம் அவர் தூங்குவார். எடுத்துக்கொண்டு ஓடிவிடுவதுதான் என் திட்டம். அவரைத் தொடும் எண்ணமே இல்லை.

ஆனால் திருடப் போன இந்த மடையன் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனேன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்த வேலை, அன்றைக்கும் கை தானாகச் செய்துவிட்டது. தூக்கம் கலைந்து வந்த தலைவர் அதைப் பார்த்துவிட்டார்.

துப்பாக்கியோடு திரும்பியபோது நடைவழியில் குறுவாளோடு நின்றார். சவாகிக்காக என்று கெஞ்சினேன்.

"அவன் சாகட்டும்டா. அவனை மாதிரி நூறு பேர் கிடைப்பாங்க. உன்னை மாதிரி சுடறவன் கிடைக்க மாட்டான்."

பாய்ந்தேன். மெழுகு போட்ட தரையில் காலுறை வழுக்கியது. முதல் வெட்டில் என் இடது காது போனது. துப்பாக்கியில் தோட்டா இல்லை. அதன் பிடியால் அவர் வாயில் அடித்தேன், பற்கள் உதிர்ந்தன. அப்படியும் கிழவர் வாளை விடவில்லை. அவர் மணிக்கட்டை முறித்து, அந்த வாளையே அவர் வயிற்றில் இறக்கினேன். இரண்டாவது முறை இறக்கியது கோபத்தில். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

காதில் துணியைச் சுற்றிக்கொண்டு போய்த் துப்பாக்கியைக் கிதாமியின் மேசையில் வைத்தேன். சோதித்தார்கள். போலீஸ்காரனைக் கொன்ற துப்பாக்கி அதுதான். சவாகியை என் எதிரில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பிழைத்தான் என்று நினைத்தேன்.

அவன் என் காதைப் பார்த்தான். தலைவர் எங்கே என்று மட்டும் கேட்டான். சொன்னேன்.

"சியோவுக்கும் பாப்பாவுக்கும் அரிசி குடுத்துக்கிட்டிருந்தவரு அவருதானே அண்ணே," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இப்போ நான் சொல்லை மாத்தினா, கூட்டத்துல மிச்சமிருக்கறவன் எவன் அவங்களுக்குச் சோறு போடுவான்? உயிரோட விடுவானான்னே தெரியலையே."

பிறகு கிதாமியின் பக்கம் திரும்பினான்.

"சுட்டது நான்தான் சார். துப்பாக்கியைக் கடல்ல போட்டேன்னது பொய், எங்க வச்சேன்னு இவருக்குத் தெரியும். என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாரு."

நான் மேசையில் தலையை மோதிக் கத்தினேன். இரண்டு பேர் என்னை இழுத்துப்போனார்கள். கிதாமி அவன் சொன்னதை எழுதிக்கொண்டார்.

நவம்பரில் சவாகியைத் தூக்கிலிட்டார்கள். தலைவரைக் கொன்றதற்கு எனக்குப் பன்னிரண்டு வருஷம் போட்டார்கள். செத்தவன் வெறும் ரவுடி என்பதால் குறைத்தார்களாம்.