எல்லாரும் குருதான்

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய கம்பெனியில் ஆட்கள் என்று பார்த்தால் அந்த இருவர்தான். பாட்டில் நிரப்பும் தொழிற்சாலைகளில் ஓடும் பெல்ட்டுக்கு எதிரே ஒரு கேமரா நிற்கும். மூடி சரியில்லாத பாட்டிலைக் கண்டால் ஒதுக்கித் தள்ளவைக்கும். அந்தக் கேமராவுக்கான மென்பொருள் இவர்களுடையது.

அதில் இருநூறு செட்டிங்குக்கு மேல் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே திரையில் கொட்டினால் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும் என்று அக்கா மூன்று நிலைகளாகப் பிரித்திருந்தாள். வெளிச்சம், கூர்மை போன்றவை 'தொடக்கநிலை'யில். கொஞ்சம் விவரமானவை 'அனுபவசாலி'யில். கை வைத்தால் வம்பு என்பவை மட்டும் 'குரு'வில்.

"ஒருத்தனாவது தொடக்கநிலையத் தொடறானா பாரு," என்றாள் ஒரு நாள், போனை வைத்துவிட்டு. காலையிலிருந்து புகார் மேல் புகார். "நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட நேரா குருவுல போய் உக்காந்துக்கறான். கண்டதையும் மாத்திட்டு நம்ம உசுர வாங்கறான்."

தம்பிக்கு வீட்டில் 'வால்' என்று பெயர். சும்மா வைக்கவில்லை. "பேரை மாத்தி வச்சிரலாம்க்கா," என்றான். "வம்பு பிடிச்சதையெல்லாம் தொடக்கநிலைல தள்ளு. வெளிச்சம், கூர்மையெல்லாம் குருவுக்குக் குடு."

"அடப்பாவி! ஏமாத்து வேலைடா இது."

"யாரை ஏமாத்தறோம்? அவங்கவங்க ஆசைப்பட்ட எடத்துலதானே உக்கார வைக்கறோம்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையே மாற்றி அனுப்பினார்கள். புகார் அடியோடு நின்றது. ஒரு தலைமைப் பொறியாளர் தானே அழைத்து, "இப்பதாங்க குரு பக்கம் எங்க லெவலுக்கு இருக்கு," என்று பாராட்டினார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார் மனிதர். வால் மேசைக்கடியில் குனிந்து சிரித்தான்.

அடுத்த வாரம் அதே தொழிற்சாலையிலிருந்து அலறல். ஒரு பாட்டில் பாக்கியில்லாமல் கேமரா ஒதுக்கிக்கொண்டிருந்தது. இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். திரையில் படம் தலைகீழாகத் தெரிந்தது. மூடி இருக்க வேண்டிய இடத்தில் பாட்டிலின் அடிப்பாகம்.

பெல்ட்டருகே ஓர் இளம்பெண், புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர், முகம் வெளிறி நின்றிருந்தாள். "நான்தாங்க மாத்தினேன். எனக்கு இதெல்லாம் புதுசு. அதான் தொடக்கநிலைக்குப் போனேன்."

இப்படி ஒரு நேர்மையான பிறவி உலகத்தில் இருக்கும் என்று இருவரும் நினைத்தே பார்க்கவில்லை. அக்கா வாலின் காலை நன்றாக மிதித்தாள். படத்தை நேராக்கிவிட்டு, "உங்க மேல தப்பே இல்லம்மா," என்றாள். பொய்யில்லை. ஆனால் யார் மேல் தப்பு என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சண்டை. வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குருவை அப்படியே விட்டுவிடுவது. தொடக்கநிலை என்ற பெயரையே எடுத்துவிடுவது. அந்த இடத்தில், 'கையேட்டை முழுதாகப் படித்தவர்களுக்கு மட்டும்' என்று போடுவது.

"எவனாவது உள்ள எட்டிப் பாத்தா என்னைக் கேளு," என்றான் வால்.

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு அந்த இன்ஜினியர் பெண் அழைத்தாள்.

"மேடம், கையேட்டை முழுசாப் படிச்சு முடிச்சிட்டு உள்ள போலாம்னு இருக்கேன். ஒண்ணு அனுப்பறீங்களா?"

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "டேய், கையேடு எங்கடா?"

"எழுதினாத்தானேக்கா இருக்கும்?"

"சீக்கிரமே அனுப்பறோம்மா," என்றாள் அக்கா, குரலில் தேன் வழிய. போனை வைத்தாள். நழுவப் பார்த்த வாலைச் சட்டைக் காலரோடு பிடித்து நாற்காலியில் அமுக்கினாள்.

"மொத செட்டிங்குல இருந்து ஆரம்பிடா. இருநூறும் முடியாம எந்திரிச்சே, தொலைஞ்சே!"