எல்லாரும் வந்தாச்சா?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தலைக்கு மேலிருந்து. அனகாபுத்தூரில் நான் குடியிருப்பது கீழ்வீடு. மாடியில் சவுரிமுத்து அண்ணன், அவர் மனைவி செல்வமேரி அக்கா, மகள் யூனிஸ், மகன் எழில். டிவியில் ஒரு சமையல் போட்டி வரும். அதன் புது சீசன் தொடங்கும் மாலையில் மாடியில் வடை சுடுவார்கள், வாசனை என் அடுப்படிவரை இறங்கும்.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொருவராக 'வந்தாச்சு' என்று சொன்ன பிறகுதான் அண்ணன் ரிமோட்டை அழுத்துவார். எழில் கடைசியாக, போனில் சொல்வான்.

(சொல்வான் அல்ல, சொல்லிக்கொண்டிருந்தான். திருத்த மனமில்லாமல் விட்டிருக்கிறேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை பிடித்துக்கொண்ட ஓர் அழகிய மாலையில்...' வேண்டாம். வெள்ளத்துக்குப் பயந்து கட்டில்மேல் சாமான் ஏற்றிய தெரு இது. மழையை அழகுக்காக எழுதினால் அடிக்க வருவார்கள்.

இரண்டாவது: 'எழில் தங்கமான பையன், ஆனால்'

அந்த 'ஆனால்' அக்கா கண்ணில் பட்டுவிடுமோ என்று அங்கேயே நிறுத்திவிட்டேன். இருந்தாலும் சொல்லாமல் முடியாது. அவன் ஒரு சின்னப் பொய்யன். ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வருவான். போன் போட்டால் பாதி வழியில், படப்பையில் டீ குடித்துக்கொண்டே 'வந்தாச்சு, தெருமுனைல இருக்கேன்' என்பான்.

போன சீசன் தொடங்கிய மாலையிலும் அப்படித்தான். "வந்தாச்சும்மா, நீங்க போடுங்க" என்று ஸ்பீக்கரில் அவன் குரல். "போடுங்க, வந்துடுவான்" என்று சொன்னது அக்காதான். நிகழ்ச்சி ஓடியது. அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் படப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி அவன்மேல் ஏறியிருந்தது.

3

இந்த வருடம் புது சீசன் வந்தது. யூனிஸ் கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை உட்கார வைத்தாள். கீழே எனக்குக் கேட்டது மூன்று 'வந்தாச்சு' மட்டும். பிறகு டிவி சத்தமே வரவில்லை. மீதி என் கற்பனை:

அண்ணன் ரிமோட்டைத் தூக்கினார்.

"இருங்க" என்றார் அக்கா. "எல்லாரும் சொல்லல."

"இன்னா மேரி பேசற நீ? அதான் எல்லாரும் கீறோமே."

"அன்னிக்கு நான்தானே போடச் சொன்னேன். புள்ள வந்துட்டானான்னு எட்டிக்கூட பாக்கல. இன்னிக்கு அவன் வராம போட வுட மாட்டேன்."

"அம்மா, ப்ளீஸ்மா" என்றாள் யூனிஸ்.

வடை ஆறியது. யாரும் எடுக்கவில்லை.

"வந்தாச்சு" என்று படியிலிருந்து ஒரு குரல்.

4

அந்தக் கடைசி வரியை நான் எழுதவில்லை.

(எழுதுகிறவர்கள் இப்படிக் கதை விடுவதை நானே கிண்டல் செய்தவன். சிரித்துக்கொள்ளுங்கள்.)

அழித்தேன். மறுநாள் திறந்தபோது இருந்தது, வேறு இடத்தில். இரண்டாம் பகுதியில், லாரிக்கு அடுத்து. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. அன்று விளக்கை அணைக்காமல் படுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு முடிவுகளை யோசித்தேன். பக்கத்து வீட்டு டிவியின் குரல் என்று முடிக்கலாம். அக்கா என்னை மன்னிக்க மாட்டார். எழிலே வந்துவிட்டான் என்று முடிக்கலாம். அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறக்க, படியில்

இல்லை. முடியவில்லை.

யூனிஸைப் படிக்கட்டில் பார்த்தபோது, எழுதுவதைச் சொல்லாமல், தம்பியைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுத்தேன். லேசாகச் சிரித்தாள்.

"அவன் வந்தாச்சுன்னு சொன்னா வரலன்னு அர்த்தம், அண்ணா. நெஜமா வந்துட்டா வாயே தொறக்க மாட்டான். சத்தமில்லாம தரைல உக்காந்து அம்மா முட்டில முதுகை சாச்சுப்பான். அம்மா குனிஞ்சு பாத்து, 'ம், போடுங்க'ன்னு சொல்லும்."

5

ஆகவே படியிலிருந்து கேட்ட குரலை மூன்றாம் முறையாக அழித்தேன். இந்தத் தடவை அது திரும்பி வரவில்லை. (மூன்றாம் பகுதியில் நீங்கள் பார்த்தது, உங்களுக்குக் காட்டுவதற்காக நானே திரும்ப எழுதியது.) இப்போது கதைக்குள் அந்த மாடி அறையில் சத்தமில்லை. ஆனால் கூடுதலாக ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரிகிறது.

இதை வாசிக்கிற நீங்கள் முதல் வரியிலிருந்து அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறீர்கள். வடை வாசனை பிடித்தீர்கள், லாரியைப் பார்த்தீர்கள். இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

செல்வமேரி அக்காவின் முட்டியில் ஒரு கனம் சாய்கிறது. அவர் யூனிஸைப் பார்க்கிறார், அண்ணனைப் பார்க்கிறார், இன்னும் கீழே பார்க்கவில்லை. எழுந்து போக உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. போனால் அந்தக் கனம் விலகுவது அவருக்குத் தெரியும். இருந்தால், குனிந்து பார்ப்பார்.

எனக்கு மேலே டிவி இன்னும் ஓடவில்லை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.