ஐந்து அடுக்கு ரப்பர்

மேல்பட்டிக்கு அருகே மதியழகன் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு வேகத்தடை இருந்தது. பள்ளி விட்டு வந்த ஒரு பிள்ளையின் காலில் மோட்டார் சைக்கிள் ஏறிய மறுநாள், யாருக்கும் மனு எழுதிக் காத்திராமல் ஊராரே இரண்டு மூட்டை சிமெண்டைக் குழைத்து அதை எழுப்பியிருந்தார்கள். அது அளவு பார்த்துக் கட்டியதல்ல, கோபத்தில் கட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மதியழகன் பழையதாக வாங்கிய கார், ஓட்டுபவர் மட்டும் இருந்தால் அதைக் கடந்துவிடும். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டியின் அடிப்பக்கம் சிமெண்டில் உரசி, தெரு முழுவதும் கேட்கும். ஆகவே வேகத்தடைக்கு முன் எல்லாரும் இறங்கி, நடந்து கடந்து, மறுபுறம் ஏறிக்கொள்வது அவன் வீட்டு வழக்கமாகிவிட்டது.

எதிர்த் தேநீர்க் கடையில் இதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே சிலர் இருந்தார்கள். "நடக்கறதுக்கு எதுக்குப்பா காரு?" என்று ஒருவர் கேட்டால், "காத்தாட நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு வாங்கியிருக்காரு" என்று இன்னொருவர் பதில் சொல்வார். மதியழகனும் சிரித்துவைப்பான். ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி ஹேமலதா, ஒரு கையால் கதவையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு அங்கே இறங்கிய அன்று யாரும் கேலி பேசவில்லை. கடைப் பலகையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கேலியைவிட அந்த மரியாதை அவனைச் சுட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் ஹேமலதாவைக் கலவையிலுள்ள தாய்வீட்டிற்கு அழைத்துப் போவார்கள். அன்றைக்கு அவள் இடையில் எங்கும் இறங்காமல் தன் காரிலேயே போய்ச் சேர வேண்டும் என்று மதியழகன் தீர்மானித்தான்.

ஆம்பூர் புறவழிச் சாலையோரம் அதாவுல்லாவின் பட்டறை இருந்தது. இருவரும் வேலூரில் ஐ.டி.ஐ. படித்த காலத்திலிருந்து நண்பர்கள். அதாவுல்லா பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவு வரை டேப் பிடித்து அளந்தான். பின் உள்ளே போய், பல வண்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கொண்டுவந்து சாக்கின் மேல் பரப்பினான்.

"மூணு செண்டி தூக்குனா போதும். ஆனா எப்படித் தூக்கறதுன்னு இருக்குல்ல. இத பாரு, ஸ்ப்ரிங் சுருள் நடுவுல சொருகற பஃபர். சொருகுனா வண்டி நிமிந்துடும். ஆனா ஸ்ப்ரிங் வேலையில பாதிய இதுவே தின்னுடும். குழியில எறங்குனா முதுகுல குத்தும். புள்ளத்தாச்சிய ஒக்கார வைக்கப் போற, வேணாம்."

"பெரிய டயரு?"

"உள்ள உரசும். இல்லாத பேஜார எதுக்கு இழுத்துக்கற." அதாவுல்லா வட்டமான கறுப்பு வில்லை ஒன்றை எடுத்துக்காட்டினான். "இது ஸ்பேசர். ஸ்ப்ரிங் தலைக்கு மேல ஒக்காரும். இது வேற வண்டியோடது, உனக்கு சேராது. என்னக் கேட்டா இதுவும் வேணாம். உன் ஸ்ப்ரிங் தளந்து போச்சி. டீசல் மாடல் ஸ்ப்ரிங் கொஞ்சம் கெட்டியா இருக்கும், அத வரவச்சி மாட்டுனா ஒண்ணும் பாக்க வேணாம்."

"எப்ப வரும் பாய்?"

"சென்னையிலேர்ந்து வரணும். பத்து நாள்."

"ஞாயித்துக்கெழம வளைகாப்பு."

"அப்ப அவங்கள வேன்ல அனுப்பு. உன் காரு எங்க ஓடிப்போவப் போவுது?"

மதியழகன் அந்த வில்லையைக் கையில் வாங்கி, விரலால் அழுத்திப் பார்த்தான். ஆம்பூரிலுள்ள ஒரு காலணித் தொழிற்சாலையில் அவன் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறான். இப்போது அடிப்பாகப் பிரிவின் பொறுப்பாளன். வரும் ரப்பர் தகடுகளின் கடினத்தை ஊசிக் கருவியால் அளந்து, தேறும், தேறாது என்று கையெழுத்திடுவது அவனே. கருவி சொல்வதற்கு முன்பே விரல் சொல்லிவிடும் என்று பிரிவில் அவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவன் காதுக்கும் வந்திருந்தது என்பதுதான் கேடு.

"ஸ்பேசரே போட்டுக்கலாம் பாய். சரியான அளவுல நானே வரவச்சிக்கறேன்."

"ஒரே வார்ப்பா இருக்கணும் மதி. ஒட்டு கிட்டு இருக்கக் கூடாது."

"ரப்பரப் பத்தி எனக்கு நீ சொல்லணுமா?"

அதாவுல்லா சிரித்தான். "அதானே. கறுப்பா இருந்தா அது ரப்பருன்னு நெனைக்கிறவன் நானு."

புதன்கிழமை மதிய உணவு நேரத்தில், பிரிவில் யாரும் இல்லாதபோது, மதியழகன் ஆறு மில்லிமீட்டர் தகட்டில் பத்து வட்டங்கள் வெட்டினான். ஐந்தைந்தாக அடுக்கினால் முப்பது மில்லிமீட்டர். பெண்கள் காலணியின் உயர்ந்த குதியைத் தோல் தகடுகளை அடுக்கி ஒட்டித்தான் செய்கிறார்கள். அது ஒரு பெண்ணின் எடையை ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. இதுவும் அதே வேலைதான், எடை மட்டுமே அதிகம் என்று அவன் கணக்கிட்டான். ஒவ்வொரு முகத்தையும் சொரசொரப்பாக்கி, பசை தடவி, காயவிட்டு, சூடேற்றி, அடிப்பாகம் ஒட்டும் அழுத்தியில் வைத்து எடுத்தான். செய்தவை நேர்த்தியாகவே இருந்தன. நான்கு ஒட்டுக்கோடுகள் மட்டும் விளிம்பில் தெரிந்தன. தோலின் வெட்டு விளிம்புக்குப் பூசும் கறுப்பு மையை இரண்டு முறை பூசினான். கோடுகள் மறைந்தன. விளிம்பு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பூசுகிறோம் என்று அப்போது அவன் தன்னிடமே சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறையில் அதாவுல்லா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பினிஷிங் சூப்பரா இருக்கே. எங்கருந்து?"

"கோயம்புத்தூர். கொரியர்ல வந்துச்சி."

"கம்பெனி பேரு காணோம்?"

"எக்ஸ்போர்ட் சரக்கு பாய். அதுல பேரு போட மாட்டாங்க."

அதாவுல்லா ஒரு கணம் நண்பனின் முகத்தைப் பார்த்தான். "நீ பாத்து எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, தொழுகைக்கு நேரமாவதற்குள் மாட்டி முடித்தான்.

அன்று மாலை இரண்டு பக்கத்து வீட்டார் பின்னிருக்கையில் இருக்க, கார் ஓசையின்றி வேகத்தடையைக் கடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்ததும், ஹேமலதாவின் அண்ணன் பரந்தாமன் தங்கையின் கூடையைத் தங்கள் வேனில் ஏற்றப்போனான். கலவையில் நெல்லும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று அவனுக்குச் சொந்தமாக இருந்தது. உறவினரைக் கூட்டிவரத்தான் வேன் பிடித்திருந்தான்.

"பாப்பா எங்க கூடவே வரட்டும் மாப்ள. ரோடு நெடுக பள்ளம்."

"இல்ல மச்சான், என் வண்டியில வரட்டும். இப்ப ஏத்தி வச்சிருக்கேன்."

ஹேமலதா முன்னிருக்கையிலும், அவள் தாய் சம்பூர்ணமும் ஒரு சித்தியும் பின்னிருக்கையிலும் அமர்ந்தார்கள். சீர்வரிசைப் பாத்திரங்களும் பலகாரத் தூக்குகளும் பின்பெட்டியில் நிறைந்தன. ஆற்காடு தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. திமிரியை நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. வலப்பக்கம் பின்னால் ஏதோ முறிந்ததுபோல் ஓசை கேட்டது. கார் ஒரு புறமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. சக்கரம் மேல்வளைவில் உரச, ரப்பர் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. ஹேமலதா வயிற்றை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

முன்னே போயிருந்த பரந்தாமன் செய்தி கேட்டு, வீட்டிலிருந்து லோடு வண்டியோடு திரும்பி வந்தான். முதலில் மருத்துவமனைக்குப் போனார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே சம்பூர்ணம் அழுதாள். பிறகு, இரு கை நிறையக் கண்ணாடி வளையலோடும் சந்தனம் காய்ந்த கன்னத்தோடும், ஹேமலதா லோடு வண்டியின் முன்பக்கத்தில் அமர்ந்து தாய்வீட்டு வாசலில் இறங்கினாள். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் வண்டியையும் மதியழகனையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"எவன் பண்ண வேல மாப்ள இது?" என்றான் பரந்தாமன்.

"ஆம்பூர்ல அதாவுல்லான்னு ஒரு மெக்கானிக்."

மாட்டியது அதாவுல்லாதான். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவ்வளவு ஒழுங்காக உண்மையைத் தேர்ந்தெடுத்துப் பேசத் தனக்கு வரும் என்பதை மதியழகன் அன்றுதான் அறிந்தான்.

மறுநாள் இழுவை வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு இருவரும் ஆம்பூர் போனார்கள். பட்டறையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பரந்தாமன் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"நீதான் அதாவுல்லாவா? ஏழு மாசப் புள்ளத்தாச்சி ஒக்காந்து வந்த வண்டி இது. கண்டதையும் மாட்டி அனுப்புவியா? உன் வீட்டுப் பொம்பளைங்கள ஒக்கார வைப்பியா இதுல? நீயெல்லாம் எதுக்கு ஸ்பேனர் புடிக்கற?"

அதாவுல்லா சக்கரத்தைக் கழற்றினான். ஸ்ப்ரிங் அமுங்கும்போது நேராக மட்டும் அமுங்குவதில்லை, சற்றுத் திருகவும் செய்கிறது. குதியை ஒருபோதும் யாரும் திருகுவதில்லை. நான்கு ஒட்டுகளில் மூன்று விட்டுப்போய், அடுக்குகள் சீட்டுக்கட்டு சரிந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று நழுவிக் கிடந்தன. மை பூசிய விளிம்புக்குள்ளே பசையின் மஞ்சள் தெரிந்தது. ஆம்பூரில் பிறந்த எவருக்கும் அந்தப் பசை தெரியும். அதாவுல்லா அதை முகர்ந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து மதியழகனைப் பார்த்தான்.

சொல்வதற்கான இடம் அதுதான். மதியழகனின் வாய் திறக்கவும் செய்தது. ஆனால் பரந்தாமன் பக்கத்தில் நின்றான். மூன்று அந்நியர்கள் நின்றார்கள். மதியழகன் குனிந்து, கட்டை விரல் நகத்திலிருந்த அழுக்கை நோண்டினான்.

"நான்தான் மாட்டுனேன்" என்றான் அதாவுல்லா, பரந்தாமனிடம். "பிரிச்சிப் பாக்காம மாட்டுனது என் தப்பு. மன்னிச்சிக்கங்க. தங்கச்சி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கறதால தப்பிச்ச."

வாடிக்கையாளர்களில் ஒருவர், வேலை தொடங்காத தன் காரின் சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார். அவர் வரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

கார் பட்டறையிலேயே நிற்க, அதன் பிறகு பன்னிரண்டு நாட்கள் மதியழகன் பேருந்தில் வேலைக்குப் போய்வந்தான். பட்டறை வரும்போது பேருந்தின் மறுபக்கம் பார்த்தான். தொழிற்சாலை டிரைவர் ஒருவர், "அதாவுல்லா இப்ப சரியா வேல செய்யறதில்லையாமே, உங்க வண்டியே கவுந்துச்சாம்" என்று கேட்டபோது, அவனிடமிருந்து வந்தது ஓர் இருமல் மட்டுமே. தகடுகளின் மேல் ஊசியை வைப்பதற்கு முன் விரலால் அழுத்திப் பார்ப்பதை அவன் நிறுத்திக்கொண்டான்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கலவைக்குப் போனான். ஹேமலதா கட்டிலில் சாய்ந்திருந்தாள். திருமணத்திற்கு முன் அவளும் அதே தொழிற்சாலையில் மேற்பாகம் தைத்தவள். பசை, தகடு, அழுத்தி என்று எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நடந்ததையெல்லாம் அவன் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"புது மாடல் செருப்பு வந்தா மொதல்ல நாலு பேருக்குக் குடுத்து ஒரு மாசம் போட்டு நடக்கச் சொல்லுவாங்கல்ல, வேர் டிரையல்னு" என்றாள். "அதுக்கு நான்தான் கெடச்சனா உங்களுக்கு?"

அவன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவும்? திட்டு வாங்குனது நானா? அண்ணன் கொல்லையில இருக்கு. போய் சொல்லுங்க."

பரந்தாமன் வண்டியின் பின்தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டதும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான். அவன் கத்துவான் என்று மதியழகன் எதிர்பார்த்தான், ஓரளவு விரும்பவும் செய்தான்.

"பக்கத்துலயேதான மாப்ள நின்ன" என்றான் பரந்தாமன் தாழ்ந்த குரலில். "நான் அந்த மனுசன் வீட்டுப் பொம்பளைங்கள வரைக்கும் இழுத்துப் பேசுனேன். நீ நின்னு கேட்டுக்குனு இருந்த."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். "ஏறு. நாலு பேர் முன்னாடி பேசுனேன். நாலு பேர் முன்னாடியே சொல்லலாம்."

லோடு வண்டியில் இருவரும் ஆம்பூர் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை திறந்திருந்தது. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் மட்டுமே இருந்தார். பரந்தாமன் இரண்டு கைகளையும் கூப்பி, "பாய், அன்னிக்கி பேசுனதுக்கு மன்னிச்சிக்கங்க. ஆள் தெரியாம பேசிட்டேன்" என்று சொல்லி ஒதுங்கி நின்றான்.

மதியழகன் சொன்னான். தொழிற்சாலைத் தகடு என்றும், தானே ஒட்டியது என்றும், கோயம்புத்தூர் பொய் என்றும், அதாவுல்லாவுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னான். அந்த ஒரே வாடிக்கையாளர் சங்கடத்தோடு கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

அதாவுல்லா கழிவுத் துணியில் கைகளைத் துடைத்தான்.

"சக்கரத்தக் கழட்டுனதுமே எனக்குத் தெரியும் மதி. நீ செஞ்சது தப்பு, அது பரவால்ல, எல்லாரும் செய்யறதுதான். அத மோந்து பாத்துட்டு உன் மூஞ்சியவே பாத்துனு இருந்தேன். இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான்னு." துணியை மடித்து வைத்தான். "அன்னிக்கே ஆர்டர் போட்ட டீசல் ஸ்ப்ரிங் வந்து நாலு நாள் ஆச்சி. நீ வந்தா மாட்டலாம்னு வச்சிருந்தேன். மாட்டித் தர்றேன். அதுக்கப்புறம் வேற பட்டறை பாத்துக்க."

"பாய்…"

"ஒக்காரு. ரெண்டு மணி நேரம் ஆவும்."

அவன் காட்டியது, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் நீளப் பலகையை. இத்தனை ஆண்டுகளில் மதியழகன் அதில் உட்கார்ந்ததில்லை. எப்போதும் உள்ளே போய், அதாவுல்லாவின் பக்கத்தில் நின்று, கேட்ட கருவியை எடுத்துக்கொடுப்பான். இப்போது அவன் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தான். உள்ளே ஜாக்கி காரை உயர்த்தும் ஓசை கேட்டது. பரந்தாமன் கேட்காமலேயே உள்ளே போய் விளக்கைப் பிடித்துக்கொண்டான்.