தோருன் குப்புறப் படுத்தாள்

"முடிஞ்சுது தோருன், எழுந்திரிங்க," என்றான் ஸ்கேன் எடுக்கும் எஸ்கில்.

தோருன் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படம் பார்க்கும் டாக்டர் ஹால்வார் வந்து வாயைத் திறக்கட்டும் என்று மேசையிலேயே மல்லாந்து கிடந்தாள்.

ஃபியோர்டு என்கிற மலையிடுக்குக் கடலைக் கடக்கும் கப்பலில் கார்களை ஏற்றி இறக்குகிறவள் அவள். தோலை இறுக்கும் வியாதி வந்ததிலிருந்து, கொஞ்சம் குளிர்ந்தாலும் விரல்கள் வெளுத்துப் போகும். அந்த வியாதி நுரையீரலுக்குள்ளும் இறங்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்து கொடுத்து நிறுத்தி வைக்கலாம். விட்டுவிட்டால் தழும்பாகி இறுகிய இடம் திரும்பவே திரும்பாது. இது தெரிந்தும் அவள் இருமலுக்கு ஒரு டாக்டர் வயசு என்றார், ஒருத்தர் உடம்பு பெருத்துவிட்டது என்றார், இன்னொரு மகானுபாவர் சிகரெட்டை விடச் சொன்னார். சிகரெட்டை அவள் தொட்டதே கிடையாது!

ஹால்வார் சிரித்த முகமாக வந்தார். "நுரையீரலுக்கு அடியில முதுகுப் பக்கமா லேசா ஒரு நிழல் இருக்கு. மல்லாந்து படுத்தா நுரையீரல் தன் பாரத்துலயே அமுங்கும், அதான். பயப்படாம வீட்டுக்குப் போங்க."

"அதுதான்னு எப்படித் தெரியும்?"

"குப்புறப் படுத்தா அந்த நிழல் கலைஞ்சுடும்."

"அப்ப குப்புறப் படுக்கிறேன். கலையுதான்னு பாருங்க."

"இங்க எல்லாருக்கும் மல்லாக்கத்தான் எடுக்கிறது. குப்புறக் கிடந்து கையைத் தலைக்கு மேல நீட்டணும், இறுகிப்போன உங்க தோளு தாங்காது. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

"நானும்தான் வருஷக்கணக்கா காத்திருந்தேன்! வேணும்னா ஆள் வச்சு என்னைத் தூக்கிட்டுப் போங்க, ஹால்வார். நான் லேசுப்பட்ட கனமில்ல, சொல்லிட்டேன்."

எஸ்கில் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ரெண்டு நிமிஷ வேலை," என்று முணுமுணுத்தவன், பதிலுக்குக் காத்திராமல் ஒரு போர்வையைச் சுருட்டி அவள் தோளுக்கு அடியில் கொடுத்தான். ஹால்வார் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

தோருன் புரண்டாள். கையை நீட்டியபோது உயிர் போய் உயிர் வந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் இருமல் பொத்துக்கொண்டு வந்து படம் கெட்டது. "இன்னொரு தடவை எடு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. இந்த முறை கண்ணில் நீர் கட்டியும் மூச்சை விடவில்லை.

ஹால்வார் திரும்பி வந்தபோது சிரிப்பைக் காணோம்.

"கலையல. அதே இடத்துல அப்படியே நிக்குது," என்றார். "வியாதிதான். நான் தப்பாச் சொல்லிட்டேன், தோருன். இப்பவே உங்க டாக்டரைக் கூப்பிடறேன். சீக்கிரம்தான் புடிச்சிருக்கோம்."

ஜெயித்ததற்காக அவள் சந்தோஷப்படவில்லை. வாய்விட்டு அழலாம் போல இருந்தது. அழாமல் கோட்டை எடுத்து மாட்டினாள். மடங்காத விரல்களோடு பொத்தானைப் போடத் திணறியவளுக்கு எஸ்கில் கை நீட்டினான்.

"தொடாதே. நானே போட்டுக்குவேன்." போட்டும் முடித்தாள்.

வெளியே நாற்காலியில் ஒரு பெண், கதகதப்பான கூடத்துக்குள்ளும் கம்பளிக் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். தோருன் அவள் முன்னால் போய் நின்றாள்.

"உனக்கும் விரல் வெளுக்குமா?"

அந்தப் பெண் திகைத்துப்போய்த் தலையாட்டினாள்.

"உள்ள போனதும் குப்புறப் படுக்க வச்சும் எடுக்கச் சொல்லு," என்றாள் தோருன், உள்ளே இருக்கும் ஹால்வாருக்கும் கேட்கிற மாதிரி. "மாட்டேன்னாங்கன்னா, மேசையை விட்டு எழுந்திரிக்காதே."