பிளேடு நிற்கும்வரை

சௌந்தரராஜனின் வலது கை மறுபடியும் உள்ளே போனது. ரம்பத்தின் ஸ்விட்சை அவர் அணைத்துவிட்டார்தான். ஆனால் மேஜையின் நடுவே பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அணைத்த பிறகும் அது முழுதாக நிற்கப் பத்துப் பன்னிரண்டு நொடி பிடிக்கும். அதற்குள் அறுபட்ட துண்டை எடுக்க அவர் கை நீண்டுவிட்டது. மேகலா கத்தவில்லை. கத்தினால் ஆள் திடுக்கிட்டுக் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பலகை தள்ளுவதற்கு வைத்திருக்கும் கட்டையின் நுனியை அவர் மணிக்கட்டில் வைத்து வெளிப்பக்கமாக ஒதுக்கினாள். பிளேடு நின்றது. சௌந்தரராஜன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல.

"ரெண்டாவது தடவண்ணா" என்றாள் மேகலா.

"தெரியும்மா."

"இன்னும் ஒரே டெஸ்ட்டுதான் இருக்குது."

"அதுவும் தெரியும்."

கடைசி மேஜையில் இழைத்துக்கொண்டிருந்த கரியப்பன் தலையைத் தூக்கினார். நாட்றாம்பாளையத்துக்காரர், தச்சர். "யோவ் ப்ரஸ்ஸு, எங்க ஊரு சாமி கோழிதான்யா கேக்கும். நீ எந்த சாமிக்கு வெரலு வேண்டிக்கினு வந்திருக்கற?"

யாரும் சிரிக்கவில்லை. கரியப்பனும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து மறுபடியும் இழைக்க ஆரம்பித்தார்.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் மாட்டுத்தீவனக் குடோனாக இருந்த கொட்டகை அது. தகடு அமுக்கும் ப்ரஸ் மெஷின் ஓட்டிய சௌந்தரராஜனைப் போல, கம்பெனிகளிலிருந்து விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே வந்தவர்களும், சொந்தமாக மெஷின் இல்லாத தச்சர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து அதை எடுத்திருந்தார்கள். வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகையை வாங்கிப் போட்டு, எல்லோரும் பொதுவில் வேலை செய்வார்கள். சாமான்களுக்கும் மெஷின்களுக்கும் மேகலா பொறுப்பு. பாகலூர்ப் பெண். ஐ.டி.ஐ.யில் தச்சு வேலை படித்த ஒரே பெண் அவள்தான். சுவரில் ஒவ்வொரு உளிக்கும் ரம்பத்துக்கும் சுத்தியலுக்கும் அதனதன் உருவத்தை மஞ்சள் பெயிண்ட்டில் வரைந்து வைத்திருந்தாள். சாமானை எடுத்தவர் தன் நம்பர் பில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வேட்டி கட்டி வந்தால் மெஷின் பக்கம் போகக் கூடாது. மோதிரம் கூடாது. கையில் கோயில் கயிறு இருந்தால் அறுக்கச் சொல்ல அவளுக்கு மனசு வராது, அதன்மேல் பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டி அனுப்புவாள். ஆனால் மெஷின் டெஸ்ட்டில் மட்டும் அவள் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. துணையில்லாமல் மூன்று பலகை அறுக்க வேண்டும். பிளேடு நின்ற பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். மூன்று முறை தவறினால் ஆயுசுக்கும் கைச்சாமான் மட்டும்தான்.

அந்த விதியை எழுதியது அவள்தான். முன்பு வேலை பார்த்த பெட்டிக் கம்பெனியில் ஒரு மத்தியானம், மரத்தூள் குவியலை முறத்தில் அள்ளி அள்ளிச் சலித்திருக்கிறாள். கூட வேலை செய்த ரஞ்சிதாவின் ஆள்காட்டி விரல் அதற்குள் எங்கோ கிடந்தது. கிடைத்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

சௌந்தரராஜன் போன பிறகு மேஜையைக் கூட்டும்போது ஒரு காகிதம் அகப்பட்டது. மாதக் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் பால்பேனாவில் வரைந்திருந்தார். ஸ்டூல் செய்யப் போவதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். படத்தில் இருந்தது முதுகும் கைப்பிடியும் வைத்த நாற்காலி. உட்காரும் பலகையின் நடுவில் ஒரு வட்டம். நான்கு காலிலும் சின்னச் சக்கரம். ஓரத்தில், 'கதவு 22 இஞ்ச். நாற்காலி 20½ தாண்டக் கூடாது' என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் காகிதத்தைத் தேடிக்கொண்டு வந்தார். மேகலா எடுத்துக் கொடுத்தாள்.

"யாருக்குண்ணா?"

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கொட்டகையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"வீட்டுல அவளுக்கும்மா. வீரலட்சுமிக்கு. மாசியில ஒரு பக்கம் இழுத்துருச்சி. கடையில விக்கிற நாற்காலி எங்க லைன் வீட்டுப் பாத்ரூம் கதவுல நுழையல. நான்தான் தூக்கிட்டுப் போறேன்."

"கரியப்பண்ணன்கிட்ட குடுத்தா ஒரு நாள்ல அறுத்துக் குடுத்துருவாரே. நானே அறுத்துத் தர்றன்."

"வேண்டாம்மா. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. வெளிய ஒரு ஆளுக்கும் தெரிய வேண்டாம்னா. இப்ப உனக்குத் தெரிஞ்சு போச்சு." சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தூக்குறது எனக்குப் பாரமில்லம்மா. எங்க கோவில்பட்டியில பருத்தி மூடையே தூக்குனவன். அவதான் தூக்கும்போதெல்லாம் செவுத்தப் பாத்துக்கிடுதா. என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா."

கைரம்பத்தில் அறுத்துப் பார்த்ததையும் அவரே சொன்னார். பத்து இழுப்புக்கு மேல் தோள் ஒத்துழைக்கவில்லை. வெட்டு கோணிக்கொண்டு போயிற்று. கோணலான கால் ஆடும். தன்னைத் தானே பிடித்துக்கொள்ள முடியாத பொம்பளையை ஆடுகிற நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது?

மேகலாவுக்கு அந்த நிமிஷத்தில் பதிவேட்டை எடுத்து 'தேர்ச்சி' என்று எழுதிவிடலாம் போல் இருந்தது. கூடவே முறத்தின் ஞாபகமும் வந்தது. இந்த மனுஷனுக்கு விரல் போனால், அந்த வீட்டில் இரண்டு பேருக்குமாக இப்போது இருக்கும் மூன்று கை இரண்டரையாகிவிடும்.

"அண்ணா, ப்ரஸ்ல எப்படி வேல செய்வீங்க? செஞ்சு காட்டுங்களேன்."

"அதெதுக்கும்மா இப்ப?"

"சும்மா காட்டுங்க."

காலி மேஜை முன்னால் போய் நின்றார். கூச்சப்பட்டுக்கொண்டேதான் ஆரம்பித்தார். தகட்டை எடுத்து வைப்பதுபோல் இடது கை போனது. உடனே இரண்டு கையும் விலகி, தோளகலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்றாக, இல்லாத இரண்டு பட்டன்களை அமுக்கி நின்றன. ஒரு மூச்சு. வலது கை உள்ளே போய்த் துண்டை எடுத்தது. மறுபடி தகடு, பட்டன், மூச்சு, துண்டு. நான்காவது தடவையில் கூச்சம் போய்விட்டது. கண் எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்குனாத்தான் ப்ரஸ் எறங்கும். ஒரு கைய எடுத்தாலும் நின்னுரும். கை உள்ள மாட்டாம இருக்க அப்படி வச்சிருப்பான். சத்தம் அடங்குச்சுன்னா பீஸ எடுக்கணும். இருவத்தி நாலு வருசம், ஷிப்ட்டுக்கு மூவாயிரம் பீஸு. இங்கயும் ரம்பம் சத்தம் எறங்குனா, நான் போகலம்மா, கை போயிருது."

"பட்டன்ல இருக்கும்போது கை உள்ள வருமா?"

அவர் யோசித்தார். "வராது. எப்படி வரும்?"

அன்று எல்லோரும் போன பிறகு மேகலா ஒரு பைன் கட்டையிலிருந்து உள்ளங்கையளவு இரண்டு வட்டம் அறுத்தாள். உப்புத்தாளில் வழவழவென்று தேய்த்து, ரம்ப மேஜையின் முன்பக்கம், பிளேடுக்கு வெகு தள்ளி, அந்த ஓரத்தில் ஒன்றும் இந்த ஓரத்தில் ஒன்றுமாக ஸ்குரு வைத்து முறுக்கினாள். கொட்டகையில் இருந்தது மஞ்சள் பெயிண்ட்தான். அதையே பூசினாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது டெஸ்ட். சௌந்தரராஜன் அந்த வட்டங்களைப் பார்த்து நின்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவர் சிரித்து மேகலா பார்த்ததில்லை.

"எங்களுக்குப் பச்சக் கலரும்மா."

"இருக்கறதுதான அடிக்க முடியும்? ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க, ரெண்டையும் அமுக்குங்க, பிளேடு நின்னாத்தான் விடணும்."

"என்னாம்மா இது" என்றார் கரியப்பன். "இவருக்கு மட்டும் தனி மெஷினா?"

"ரூல்ல எங்கயாச்சும் கட்ட வெக்கக் கூடாதுன்னு எழுதிருக்குதாண்ணா?"

"எழுதுனவளே கேட்டா நான் என்னாத்த சொல்றது?" கரியப்பன் இழைப்புளியைப் படுக்க வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்.

முதல் பலகை நேராக வந்தது. ஸ்விட்சை அணைத்ததும் வலது கை ஒரு அங்குலம் உள்ளே நகர்ந்து, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் திரும்பி வட்டத்தில் உட்கார்ந்தது. இரண்டாவது பலகையில் அந்த ஒரு அங்குலமும் இல்லை. மேகலா பதிவேட்டில் இரண்டு கோடு போட்டாள். மூன்றாவது பலகையைப் பாதி அறுத்திருப்பார். கரண்ட் போய்விட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் போகிற கரண்ட் அந்த வருஷம் ஓசூருக்குப் பழக்கம்தான். ஆனால் டெஸ்ட்டுக்கு நடுவில் போனதில்லை. மோட்டார் அடங்கியது. ரம்பத்தின் சத்தம் இறங்க ஆரம்பித்தது, அவர் எதையும் அணைக்காமல், எதற்கும் தயாராகாமல் இருக்கும்போதே. பலகை பிளேடைக் கவ்வியபடி நடுங்கியது. மேகலா அவர் கையைத்தான் பார்த்தாள். தள்ளுகட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையும் மேலே எழும்பின. எழும்பிய கைகள் அந்த ஓரத்துக்கு ஒன்றும் இந்த ஓரத்துக்கு ஒன்றுமாக விலகிப் போய், மஞ்சள் வட்டங்களின்மேல் இறங்கின.

மேகலா குனிந்து, கரண்ட் திரும்பி வந்தாலும் ஓடாதபடி, மேஜைக்கு அடியில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள். நிமிர்ந்தபோது கூரைத் தகரத்தின் கண்ணாடிப் பட்டை வழியாக வெளிச்சம் ரம்பத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. வெறும் வெள்ளை வட்டமாக இருந்த பிளேடில் மெல்லப் பற்கள் தெரிய ஆரம்பித்தன. பிறகு ஒவ்வொரு பல்லாக எண்ணலாம் போல் ஆயிற்று. பிறகு எதுவும் நகரவில்லை.

"பாதிதான அறுத்தாரு?" என்றார் கரியப்பன், மெதுவாக. "இத எந்தக் கணக்குல சேப்ப?"

மேகலா பதிவேட்டைக் கையில் எடுத்தாள். சௌந்தரராஜன் திரும்பவில்லை. அவர் இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். பறந்துகொண்டிருந்த மரத்தூள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து, அவருடைய பத்து விரல்களின்மேலும் படிந்துகொண்டிருந்தது.